வெள்ளைபடுதலும் வீட்டு வைத்தியமும்

வாய்விட்டுச் சொல்லப்படாத நோய்கள் என்று ஒரு வகை நம் இல்லங்களில் உண்டு. தலையிடி என்றால் வீடு முழுவதும் அறியும்; காய்ச்சல் என்றால் அயல் வீடும் அறியும். மறைவிடத்திலே தோன்றும் அரிப்பையும் எரிவையும் வெள்ளைபடுதலையுமோ, தாயிடம் மகள் சொல்லாள். கணவனிடம் மனைவி சொல்லாள். பொறுக்க முடியாமற் போகும்போது கிணற்றடியிலோ வேலியோரத்திலோ வயதில் மூத்த ஒருத்தியின் காதோடு காதாக அது சொல்லப்படும். அவ்விடத்திலேயே மருந்தும் கிடைத்துவிடும். "இது சூடு, பிள்ளை. வேப்பிலையும் மஞ்சளும் அவிச்சுக் கழுவு, இளநீர் குடி, மாறிவிடும்" என்பாள் அவள். சிலருக்கு மாறியும் விடுகிறது. மாறாதவர்கள் அடுத்த கிணற்றடிக்குச் செல்கிறார்கள். இப்படியே மாதங்கள் கழிகின்றன. சிலருக்கு ஆண்டுகளும் கழிகின்றன.

அந்தக் கைமருந்துகளுள் எவை நன்மை தருவன, எவை வீணானவை, எவை தீங்கு செய்வன என்பதை இங்கே நோக்குவோம். உறுப்புகளையும் நோய்களையும் அவற்றின் பெயராலேயே குறிப்பிடப் போகிறோம். உயிரியல் நூலிலே இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்ததும் வகுப்பறையில் தலைகள் குனிவதையும், அப்பக்கங்கள் விரைவாகப் புரட்டப்படுவதையும் ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் நன்கறிவோம். ஆயினும் கண், காது, மூக்கு என்பனபோல யோனி என்பதும் ஓர் உறுப்பின் பெயரே.

முதலில் அறிய வேண்டியது, வெள்ளைபடுதல் எல்லாம் நோயன்று என்பதே. பருவமெய்திய நாள்முதல் மாதவிடாய் நிற்கும் வயது வரை, யோனி வழியிலே சிறிதளவு கசிவு நாள்தோறும் உண்டாவது இயற்கை. நாளொன்றுக்கு அது ஒரு தேக்கரண்டியை எட்டாது. இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட நாட்களில், கருமுட்டை வெளிப்படும் வேளையிலே, முட்டையின் வெண்கருபோலத் தெளிவாகவும் இழுபடுவதாகவும் இருக்கும். பின்னர் தடித்து வெண்மையாகும். கர்ப்ப காலத்தில் அளவு கூடும். தீய நாற்றமும் அரிப்பும் எரிவும் இல்லாதவரை இதற்கு மருந்தே வேண்டியதில்லை. எலும்பு உருகி வடிகிறது என்றும், உடம்பின் சத்தெல்லாம் கழிகிறது என்றும் அஞ்சி மெலிந்துபோகும் இளம்பெண்கள் இன்றும் உளர். எலும்புக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உண்மையில் அவர்கள் மெலிவதற்குக் காரணம் அச்சமும், அச்சத்தால் வந்த உணவு வெறுப்புமாகவே பெரும்பாலும் இருக்கும். இரத்தச் சோகையும் சேர்ந்திருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு.

இந்தக் கசிவின் பயன் யாது? 1892 ஆம் ஆண்டிலே ஜேர்மனிய மருத்துவரான அல்பேட் டோடர்லைன் என்பவர், நோயற்ற பெண்களின் யோனிக் கசிவில் கோல் வடிவான ஒருவகைப் பக்டீரியாக்கள் வாழ்வதை எடுத்துக் காட்டினார். நம் அடுக்களையில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினங்கள் அவை. பாலிலே உறைமோர் விட்டால் அது புளித்துத் தயிராவது எதனால்? பாலிலுள்ள வெல்லத்தை நுண்ணுயிர்கள் இலற்றிக் அமிலமாக மாற்றுவதனால். அதே தொழில்தான் யோனியிலும் நடைபெறுகிறது. பெண்ணின் உடலிற் சுரக்கும் ஈஸ்திரசன் என்னும் ஓமோனின் தூண்டுதலால் யோனியின் உட்சுவரிலே கிளைக்கோசன் என்ற மாப்பொருள் சேர்கிறது. அதிலிருந்து இப்பக்டீரியாக்கள் இலற்றிக் அமிலத்தை ஆக்குகின்றன. அதனால் யோனியின் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை, மெல்லிய புளிப்பாக நிலைக்கிறது. அந்தப் புளிப்பிலே நோய்க்கிருமிகள் பலவும் தழைக்க மாட்டா. வாயிற்காவலரை வெளியிலிருந்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி, உள்ளேயே காவலரை வைத்திருக்கிறது இயற்கை.

இதை மனத்திற் கொண்டால் பின்னர் சொல்லப்போவன எளிதில் விளங்கும். காவலரைத் துரத்துவது எதுவோ அதுவே நோய்க்கு வழி திறப்பது.

காவல் குலையும்போது வருவன பெரும்பாலும் மூன்று நோய்கள். மூன்றும் "வெள்ளை" என்ற ஒரே பெயரால் நம்மவரிடையே வழங்குவதே குழப்பத்திற்கெல்லாம் மூலம்.

ஒன்று, கண்டிடா என்னும் பங்கசினால் வருவது. இது மதுவ இனத்தைச் சேர்ந்தது. பலருடைய உடலில் தொல்லையின்றி வாழ்வது. தருணம் வாய்த்தால் பெருகுவது. கடும் அரிப்பும், சிவந்த வீக்கமும், சிறுநீர் பட்டால் எரிவும் இருக்கும். கசிவு திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக இருக்கும், நாற்றம் இராது. பெண்களில் நால்வருக்கு மூவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவிப்பர் என்பது மருத்துவ நூல்கள் கூறும் கணக்கு. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு நோய்க்காக அன்டிபயோட்டிக் மருந்து உண்டபின் இது வரும். காவலராகிய பக்டீரியாக்களையும் அம்மருந்து அழித்துவிடுவதே காரணம். கர்ப்பிணிகளுக்கு வரும். சலரோகம் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். நாற்பது வயதை அடுத்த ஒரு பெண்ணுக்கு இவ்வரிப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், அவள் வேப்பிலையைத் தேடுமுன் இரத்தத்திலே சீனியின் அளவைச் சோதிப்பிக்க வேண்டும். சலரோகத்தின் முதல் அறிகுறியாக இதுவே தோன்றுவதும் உண்டு.

இரண்டாவது, பக்டீரியாக்களின் சமநிலை குலைவதால் வருவது. காவற் பக்டீரியாக்கள் குறைந்து வேறு பலவகைப் பக்டீரியாக்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கசிவு நீர்த்து, சாம்பல் நிறங் கலந்து, மீன் நாற்றம் வீசும். கணவனோடு கூடியபின் அந்நாற்றம் மிகும். அரிப்பு அதிகம் இராது. கர்ப்பிணிகளில் குறைமாதப் பிரசவத்தோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருப்பதால் இதைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது.

மூன்றாவது, திரைக்கோமோனாசு என்னும் ஒற்றைக்கல உயிரினால் வருவது. 1836 இல் பாரிஸ் நகர மருத்துவர் அல்பிரெட் டொனே நுணுக்குக்காட்டியின் கீழ் இதைக் கண்டார். சவுக்கு நுனிபோன்ற இழைகளைச் சுழற்றி அது நீந்துவதைக் கண்டு விவரித்தார். மஞ்சளும் பச்சையும் கலந்த, சில வேளைகளில் நுரைத்த கசிவு, நாற்றம், எரிவு என்பன இதன் குறிகள். இது இல்லற உறவினாலே தொற்றுவது. ஆண்களிற் பெரும்பாலோரிடம் எவ்விதக் குறியும் காட்டாது தங்கியிருக்கும். மனைவி மட்டும் மருந்துண்டு, கணவன் உண்ணாதிருந்தால் நோய் திரும்பி வரும். உலகிலே 2020 ஆம் ஆண்டில் மட்டும் 15 கோடியே 60 இலட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

மூன்று நோய்க்கும் மருந்து ஒன்றன்று. பங்கசை அழிக்கும் மருந்து பக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பக்டீரியாவுக்கான மருந்து பங்கசை மேலும் வளர்க்கவும் கூடும். தன் நோய் இன்னதென்று ஒருத்தி தானே அறிந்துகொள்ள இயலுமா? அமெரிக்காவிலே, தமக்குப் பங்கசு நோய்தான் என்று தாமே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து, 2002 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுள் உண்மையாகவே பங்கசு நோய் மட்டும் இருந்தது மூவரில் ஒருவருக்கே. எழுத்தறிவும் மருந்துக்கடை வசதியும் மிகுந்த நாட்டிலேயே நிலை இதுவென்றால், கிணற்றடி நிதானத்தை என்னென்பது!

இனிக் கைமருந்துகளுக்கு வருவோம்.

வேப்பிலையும் மஞ்சளும் அவித்த நீர் நம்மவரின் முதல் மருந்து. இவ்விரண்டின் சாறுகளும் ஆய்வுகூடக் கிண்ணங்களிலே பங்கசுகளை அடக்குவது உண்மையே. ஆனால் கிண்ணம் வேறு, உடல் வேறு. அடுப்பில் அவித்த ஒரு சட்டி நீரில் எத்தனை சத்து இறங்கியது என்பதை யாரும் அளந்ததில்லை. ஆறிய பின் வெளிப்புறத்தை மட்டும் மென்மையாகக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தீங்கு இராது. சற்றுச் சுகமாகவும் இருக்கும். புண்பட்ட தோலுக்கு வெறும் வெதுவெதுப்பான நீரும் அதே சுகத்தைத் தரும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் அந்நீரை உள்ளே செலுத்திக் கழுவுதல் கூடாது. உப்பு நீருக்கும் இதுவே விதி.

உள்ளே கழுவுதல் என்ற இப்பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டிலே அதற்கெனக் குழாய்களும் மருந்து நீர்களும் விற்றார்கள். நிலத்தைக் கழுவும் லைசோலை மாதரின் அந்தரங்கத் தூய்மைக்கு உகந்ததென்று அமெரிக்கப் பத்திரிகைகள் 1920 ஆம் ஆண்டுகள் தொடக்கம் பல்லாண்டுகள் விளம்பரம் செய்தன; வெந்து புண்பட்டவர்கள் பலர். பின்னர் நடந்த ஆய்வுகளில், உள்ளே கழுவும் பழக்கம் உள்ளவர்களிடமே பக்டீரியாச் சமநிலைக் குலைவும் கருப்பை, கருக்குழாய் அழற்சியும் மிகுதியாகக் காணப்பட்டன. டெட்டோல் கலந்த நீருக்கும், வாசனைச் சவர்க்காரத்துக்கும், தூவும் பவுடருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றே: அவை வேண்டாம். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. புளிப்பினாலே காவல் செய்யப்படும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

அப்படியாயின் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விடலாமே என்று கேட்கும் மாணவி ஒருத்தி எந்த வகுப்பிலும் இருப்பாள். கேள்வி நல்லதே. தேசிச்சாற்றின் புளிப்பு யோனியின் இயல்பான புளிப்பிலும் பன்மடங்கு கடியது, மென்தோலை எரித்துவிடும். அன்றியும் புளிப்பு அங்கே தொடர்ந்து நிற்பது பக்டீரியாக்கள் ஓயாது ஆக்கிக்கொண்டிருப்பதனாலேதான். வெளியிலிருந்து விட்ட புளி சிறிது நேரத்தில் வடிந்துபோகும்.

உள்ளி மருந்து சிலரால் மிகவும் புகழப்படுகிறது. உரித்த பூண்டை நூலிற் கட்டி உள்ளே வைப்பதும் உண்டு. பச்சைப்பூண்டைக் கன்னத்தில் அரைமணி நேரம் ஒட்டிப் பார்த்தவர்கள் அது தோலை எப்படிப் பொக்களிக்கச் செய்யும் என்பதை அறிவார்கள். உண்பதனாலேனும் பயன் உண்டா? அவுஸ்திரேலியாவில் மெல்போன் ஆய்வாளர்கள் பெண்கள் சிலருக்கு இரு வாரம் உள்ளிக் குளிசையும், வேறு சிலருக்கு வெறுங் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014 இல் வெளியான முடிவின்படி, யோனியிலுள்ள கண்டிடாவின் அளவில் உள்ளியால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் உண்டாகவில்லை. உள்ளியை இரசத்தில் இடுவோம். அதுவே அதற்குத் தக்க இடம்.

தயிர் மருந்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே நாம் காட்டிய உவமையையே ஆதாரமாகக் கொண்டு யாரும் தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. உறவினம் என்றோமே தவிர அதே இனம் என்று சொல்லவில்லை. தயிரிலுள்ளவை பாலில் வாழப் பழகியவை. யோனியின் உட்சுவரில் ஒட்டி நிலைபெறும் இனங்கள் வேறு. 2004 ஆம் ஆண்டில், அதே மெல்போனில், அன்டிபயோட்டிக் உண்ணும் பெண்களுக்கு இவ்வகைப் பக்டீரியாக்களை வாய்வழியாகவும் யோனிவழியாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியாயிற்று. பங்கசு நோய் வருவதை அவற்றால் தடுக்க முடியவில்லை. தயிரை உண்பது உடலுக்கு நல்லது, உண்ணலாம். உள்ளே பூசுவது வேண்டாம். சீனி கலந்த தயிரானால் பங்கசுக்கு விருந்து வைத்ததாகவே முடியும்.

தேங்காயெண்ணெயை வெளித்தோலிலே மெல்லப் பூசினால் வறட்சியும் உராய்வும் தணியும். அவ்வளவில் அது நல்ல பொருளே. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக இறப்பர் உறை பாவிப்போர் மட்டும், எண்ணெய் அவ்வுறையை நலிந்து கிழியச் செய்யும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

போரிக் அமிலத்தைப் பற்றி இக்காலத்துப் பெண்கள் எங்கெங்கோ வாசித்து அறிந்திருக்கிறார்கள். சாதாரண மருந்துக்கு மசியாத சிலவகைப் பங்கசுகளுக்கு, வைத்தியர்கள் அதை அளந்து உறையிலிட்டு யோனிவழியாகக் கொடுப்பது உண்மை. அது வைத்தியர் கையில் மருந்து. வீட்டு அலுமாரியில் நஞ்சு. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் பாவிக்கவே கூடாது.

வெந்தய நீர், இளநீர், சோற்றுக் கற்றாழை என்பன உடம்பைக் குளிர்ச்சியாக்கும் என்று குடிக்கப்படுவன. வெயில் காலத்துக்கு இளநீர் நன்று. தொற்றை அது போக்காது. நூல்வழி கற்றுப் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் சென்று, அவர் நோயாளியைப் பார்த்துத் தரும் மருந்தை உண்பது வேறு. பெயர் கேட்டறிந்த மூலிகையை நாமே அரைத்துப் பூசுவது வேறு. சித்த வைத்தியத்தின் பெயரால் இரண்டாவதை நியாயப்படுத்துவது அவ்வைத்தியத்துக்கே இழுக்கு.

"எனக்கு மாறியதே!" என்று சொல்பவர்களுக்கு என்ன விடை? இந்நோய்கள் கூடிக் குறையும் இயல்பின. மாதவிடாயோடு தணிவதும், சில நாளில் தாமே அடங்குவதும் உண்டு. அடங்கிய வேளையில் கையிலிருந்த மருந்து புகழைப் பெற்றுக்கொள்கிறது. அடங்காது போனவர்கள் கிணற்றடிக்கு வந்து அதைச் சொல்வதில்லை.

இல்லத்திலே செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையோ என்று எண்ண வேண்டாம். வெளிப்புறத்தை நாளுக்கு ஒருமுறை இருமுறை வெறும் நீரால் கழுவி, ஈரம் ஒற்றி உலர்த்துதல். பருத்தி உள்ளாடை அணிதல். நைலோன் துணியையும் இறுகிய காற்சட்டையையும் நம் வெப்ப நாட்டிலே நாள் முழுதும் அணியாதிருத்தல். வியர்வையில் நனைந்த உடையை மாற்றுதல். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் - இவையெல்லாம் இல்லத்தின் கையில் உள்ளவை. மாதவிடாய்த் துணியைப் பாவிப்போர் அதைச் சவர்க்காரமிட்டுத் தோய்த்து நல்ல வெயிலிலே உலர்த்த வேண்டும். யாரும் காணலாகாது என்று கட்டிலின் கீழும் சேலையின் மறைவிலும் ஈரத்தோடு காயப் போடுவதைப் போன்ற கேடு வேறில்லை. கொடியிலே அத்துணி காய்வதைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆடவர் எந்த வீட்டிலேனும் இருந்தால், அவருக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டுக. அரிப்பு மிகுந்த வேளையில் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றுவதும், சொறியாமல் நகங்களை வெட்டி வைத்திருப்பதும் உதவும்.

மருந்தோ மலிவானது. 1950 ஆம் ஆண்டளவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் பணியாற்றுகையில், வேர்ஜினியாவில் ஒரு பண்ணை மண்ணிலிருந்து பங்கசை அழிக்கும் மருந்தொன்றைக் கண்டெடுத்தார்கள். ஒருவர் ஒரு நகரிலும் மற்றவர் வேறொரு நகரிலும் இருந்துகொண்டு, மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி நடத்திய ஆராய்ச்சி அது. தம் மாநிலத்தின் பெயரை ஒட்டி அதற்கு நிஸ்டட்டின் என்று பெயரிட்டார்கள். அதனால் வந்த வருமானம் ஒரு கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேல்; அதில் ஒரு சதமும் தமக்கென எடாது விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டார்கள். இன்று அதனோடு குளொற்றிமசோல் என்னும் குளிசையும் களிம்பும் பெருவழக்கில் உள்ளன. யோனியில் வைக்கும் இம்மருந்தைக் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் கொடுப்பர். பக்டீரியாவுக்கும் திரைக்கோமோனாசுக்கும் மெற்றோனிடசோல் என்ற மருந்து உண்டு. மெல்போன் ஆய்வாளர்கள் 2025 இல் வெளியிட்ட செய்தியொன்று இவ்விடத்தில் குறிக்கத் தக்கது: பக்டீரியா நோய்க்கு மனைவியோடு கணவனுக்கும் மருந்தளித்தபோது, 12 வாரத்துள் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 35 பேர், மனைவிக்கு மட்டும் அளித்தபோது 63 பேர். பெண்ணின் தூய்மைக்குறைவே காரணம் என்று அவள்மேல் பழி சுமத்தி வந்தவர்கள் இந்த எண்களைப் பார்க்கட்டும்.

ஒருநாளும் தாமதிக்கலாகாத சிலர் உளர். கர்ப்பிணிகள், அடிவயிற்று நோவோ காய்ச்சலோ கூடவே உள்ளவர்கள், கசிவில் இரத்தங் கலந்து காண்பவர்கள். மாதவிடாய் நின்ற பின்னர் இரத்தமோ நாற்றமுள்ள நீரோ படுமாயின், அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் குறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் தீர்க்கக்கூடிய அந்நோயை வெறும் வெள்ளை என்றெண்ணி, மஞ்சள் நீரில் மாதங்களைக் கழித்தவர்கள் பலர். பருவமெய்தாத சிறுமிக்குக் கசிவு காணுமாயின் புழுத்தொல்லையோ, விளையாட்டாய் உட்புகுந்த பொருளோ காரணமாகலாம். எவரேனும் குழந்தைக்குத் தீங்கிழைத்தனரோ என்பதையும் தாய் அன்போடு விசாரித்தறிய வேண்டும். அதட்டக் கூடாது.

எங்கே செல்வது? நம் நாட்டிலே இதற்குப் பணம் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் அங்கே செய்யப்படும். ஆறாம் வகுப்புச் சிறுமியருக்கு அப்புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலைகளில் ஏற்றப்படுகிறது; கையொப்பத்துக்கு வரும் படிவத்தைப் பெற்றோர் திருப்பி அனுப்பாதிருப்பார்களாக. கணவன் மனைவி இருவருக்கும் மருந்து வேண்டுமானால் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இரகசியமாகப் பார்ப்பார்கள். ஊருக்கு வரும் குடும்பநல மருத்துவமாதிடம் கேட்டால் கிளினிக் நாளும் இடமும் சொல்வார்.

மணமாகாத பெண்கள் பரிசோதனை என்றதும் அஞ்சுவது இயல்பு. பல வேளைகளில் வைத்தியர் வினவி, வெளிப்புறத்தைப் பார்த்து, பஞ்சுக் குச்சியால் சிறிது கசிவெடுத்துச் சோதிப்பதோடு காரியம் முடியும். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம். தாயோ தமக்கையோ உடனிருக்கலாம். போவதற்கு முந்திய நாள் உள்ளே எதனையும் இடவோ கழுவவோ கூடாது. கழுவிவிட்டால் சோதனைக்கு வேண்டிய கிருமியும் போய்விடும். நிறம், நாற்றம், அரிப்பு, தொடங்கிய நாள், கடைசி மாதவிடாய் வந்த நாள், இதுவரை உண்ட மருந்துகள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நன்று. வாய்விட்டுச் சொல்ல நா எழாவிட்டால் அத்தாளை மேசையில் வைத்தாலே போதும்.